ஒரே ஆள் போதும்

மூடிய கதவுக்கு உள்ளே அவள் கணவன் யாரிடமோ குழைந்து குழைந்து பேசிக்கொண்டிருந்தான். பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டுக் காலையில் கிளம்பிய மனுஷன். வெளியே நாற்காலியில் உட்கார்ந்து அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் ஒரு பெண்ணோடு கொஞ்சியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. பெட்டியைத் தொலைத்த பயணியைத் தேற்றுவதுபோலப் பேசிக் காட்டிக்கொண்டிருந்தான், அதுவும் சுத்தமான ருஷ்ய மொழியில்! "உன் ருஷ்யன் என் நாக்குல நுழையாதுடி" என்று வருஷக்கணக்காகக் கேலி செய்தவன். "உங்க ஜப்பான் எழுத்தைப் பார்த்தாலே எனக்குத் தலை சுத்துது" என்று அவளும் திருப்பிக் கொடுப்பாள்.

ஜப்பானுக்குப் போகும் ருஷ்யப் பயணிகளுக்காக இந்தச் சுற்றுலா நிறுவனம் ஊர்க்குறிப்பு, விடுதி விதி, சாப்பாட்டுப் பட்டியல் எல்லாம் இவர்களுக்கு மொழிபெயர்க்க அனுப்பும். சமையலறை மேஜையில் அவன் ஜப்பான் மொழியைப் படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, அவள் ருஷ்ய மொழியில் தட்டுவாள். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் ஒரு மொழிபெயர்ப்பாளர்.

போன மாதம் நிறுவனம் கையை விரித்துவிட்டது. இனி ஜோடி வேண்டாம், இரண்டு மொழியும் தெரிந்த ஒரே ஆளை நிரந்தர வேலைக்குத் தேடுகிறோம் என்றார்கள். அன்றைக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "சேர்ந்து செய்யறதா இருந்தா செய்வோம், இல்லேன்னா அந்த வேலையே நமக்கு வேண்டாம்" என்று உருகியவனும் இதே மகாராஜன்தான்.

ஒரு மாதத்தில் வருகிற பாஷையா அது? பக்கத்தில் படுத்துக்கொண்டே, பாட்டுக் கேட்கிறேன் என்று காதில் மாட்டிக்கொண்டு எத்தனை காலமாகப் படித்தானோ! பச்சைத் துரோகம்!

எதிர்ச்சுவரில் ஜப்பான் வெந்நீர் ஊற்று ஒன்றின் அறிவிப்பு, அங்கிருந்து வந்தபடியே ஒட்டியிருந்தது. அழுகை வராமலிருக்க அதையே வரி வரியாகப் படித்தாள். செருப்பைக் கழற்றவும். குளித்துவிட்டு இறங்கவும். தொட்டிக்குள் சோப்பு கூடாது.

கதவு திறந்தது. அவளைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறிப்போனது.

"நீ... என் பின்னாலயே வந்தியா?"

"பல்லுக்கு என்ன சொன்னாரு டாக்டர்?"

அவன் கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

"கூடவே இருந்து குழி பறிச்சுட்டீங்களே. என்னைக் கழட்டி விடணும்னு முடிவு பண்ணிட்டு, இத்தனை நாளும் எப்படிங்க என் முகத்தைப் பார்த்துச் சிரிச்சீங்க?"

அவன் வாயைத் திறப்பதற்குள் மேலாளர் கதவிடுக்கில் தலையை நீட்டி, கையிலிருந்த விண்ணப்பத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பாஷையும் நான் ஒருத்தியே பாத்துக்குவேன்னு எழுதியிருந்தது நீங்கதானேம்மா? உள்ளே வாங்க."