எட்டாவது கன்னி

அன்று சுனைக்கரையில் இருந்தவர்கள் நான்கு பேர். ஊர்ப் பெரியதனம் சடையப்பன், அவர் மகன் குணசீலன், பூசாரி வெள்ளையன், கேமராவோடு வந்த பெண் ரோகிணி.

கன்னிமாரையும் சேர்த்தால் கூடும்.

சோலைக்குள் நுழையும் முன் சடையப்பன் கைதட்டினார். ஆண்கள் வருகிறார்கள் என்று கன்னிமாருக்குச் சொல்லும் முறை அது. குளித்துக்கொண்டிருந்தால் மறைந்துகொள்ள அவர்களுக்கு நேரம் வேண்டுமே.

தட்டிவிட்டுத் திரும்பினார்.

அந்தப் பெண் கொண்டையை அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் வீட்டுப் பெண்கள் மட்டும் செய்வது. சுனைக்கு வந்தால் கூந்தலை முடிந்து வைக்க மாட்டார்கள். வெளியாருக்கு இதைச் சொன்னதே இல்லை.

"யாரும்மா சொல்லிக் குடுத்தது?"

"கொண்டை இறுக்கமா இருந்துச்சுங்கய்யா."

அவர் நம்பவில்லை.

"எந்தப் பத்திரிகை?"

"பத்திரிகை இல்லைங்கய்யா. கண்ணுக்குத் தெரியாதவங்க குடியிருக்கிற காடு, சுனை, பாறைன்னு தேடித் தேடி எடுக்கறேன். புத்தகமாப் போடணும்."

"தெரியாதவங்களை எப்படி எடுப்ப?"

"எடத்தைத்தான் எடுப்பேன்."

குணசீலன் சிரித்தான். "எடுத்துட்டுப் போகட்டும்ப்பா. கன்னிமாரே ஒளிஞ்சுக்கிட்டாங்க. நீங்க நின்னு மொறைக்கிறீங்க."

பூசாரியும் சிரித்தான். சடையப்பன் முகம் அசையவில்லை.

அவள் நீரை எடுத்தாள். பாறையைக் கவ்விய வேரை எடுத்தாள். இலைகளுக்கு நடுவே இறங்கிய வெயிலைக் காத்திருந்து எடுத்தாள். வேலை தெரிந்தவள்தான்.

ஆனால் கண் மட்டும் சுனையோரம் கன்னிமாராக நட்டிருந்த கற்களின் கடைசிக்கே போய்க்கொண்டிருந்தது.

ஏழு கற்கள் கறுத்துப் போனவை. யார் நட்டதென்று யாருக்கும் தெரியாது. எட்டாவது, சற்றுத் தள்ளி, இன்னும் வெளிறியே நின்றது.

அது பவளாயி. அவருடைய தங்கை.

பல வருடங்களுக்கு முன் ஓர் ஆடி மாதம் தண்ணீருக்கு வந்தவள் திரும்பவில்லை. கன்னிமார் அழைத்துக்கொண்டார்கள் என்று அவர் தகப்பனார் ஊரைக் கூட்டிச் சொன்னார். கல் நட்டார். அன்றிலிருந்து அது தெய்வத்தைப் பெற்ற வீடு. திருவிழாவில் முதல் பரிவட்டம் அந்த வீட்டுத் தலைக்குத்தான்.

மலைக்குச் சாலை போட வந்தவர்களில் ஒருவனும் அதே நாளில் காணாமல் போனான். அவனுக்கு யாரும் கல் நடவில்லை.

கேமரா எட்டாவது கல்லின் பக்கம் திரும்பியது.

சடையப்பன் போய் அதன் முன்னால் நின்றார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கய்யா."

"கன்னிமார் ஏழு பேருதான். எடுத்தாச்சில்ல? கெளம்பு."

"எனக்கு இதுதான் வேணும்."

குணசீலன் தொலைபேசிக்குச் சிக்னல் தேடி மேட்டில் ஏறிக்கொண்டிருந்தான். பூசாரி குனிந்து விளக்குத் துடைத்தான். அவள் அருகில் வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மா ஒரு தடவை பாக்கணும்ங்கறாங்க, மாமா. இப்பல்லாம் எந்திரிக்க முடியல அவங்களால."

சுனையில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் பூசாரியைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். இருவருக்கும் கேட்கவில்லை.

அவளை மட்டும் பார்க்கவில்லை.

விரட்டிவிடலாம். ஒரு சொல் போதும். ஊர் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. அந்தச் சொல்லுக்காக வாயைத் திறந்தார்.

தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். மறுபடி மடித்துப் போட்டுக்கொண்டார். முதுகை நிமிர்த்தினார்.

"எடுத்துக்க" என்றார்.

நகரவில்லை.

அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள்.

எட்டாவது கல் எந்தப் படத்திலும் விழவில்லை, கன்னி தன்னை மறைத்துக்கொண்டாள் என்று மலை முழுக்கப் பேசிக்கொள்கிறார்கள்.

தவறு.

கல்லுக்கு முன்னால் அண்ணன் நின்றிருந்தார்.