யானை விலையும் தீனிச் செலவும்

“வயித்தெரிச்சல்ங்க. வேற ஒண்ணுமில்ல” என்றாள் அஸ்வினி.

அவள் புருஷன் ஸ்ரீகாந்தின் உடம்புதான் ஹைதராபாத் குகட்பள்ளி வீட்டு சோபாவில் இருந்தது. மனசு அந்தக் கறுப்பு எஸ்யூவியில் ஏறி அவுட்டர் ரிங் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டால் உலகத்தின் சத்தமே கிடையாது. லாரிகள் எல்லாம் ஊமைப் படத்தில் வருகிற மாதிரி ஒதுங்கி வழிவிடும். தலைக்கு மேலே கண்ணாடிக் கூரை. மேகம் கூடவே வரும்.

பழைய கார் விற்கிற உப்பல் யார்டில் அந்த வண்டியைப் பார்த்த நாளிலிருந்து இப்படித்தான். பல் தேய்க்கும்போதுகூட ஸ்டீயரிங் பிடிக்கிறான். ஹைடெக் சிட்டியில் கம்பெனிகள் ஆட்களைக் கழித்துக்கொண்டிருந்த வருஷம் அது. விற்க வருகிறவர் அதிகம், வாங்குகிறவர் குறைவு. கோடீஸ்வரன் ஏறுகிற வண்டி சாதா காரின் விலைக்கு வந்து நின்றது.

அந்தச் சந்தோஷத்தை இருதயராஜ் அண்ணனிடம் சொன்னதுதான் வினையாகிவிட்டது.

இருதயராஜ் அவனுடைய முதல் கம்பெனியில் மேனேஜராக இருந்தவர். தூத்துக்குடிக்காரர். வேறு கம்பெனிக்குப் போன பிறகு வருஷக்கணக்கில் கண்ணிலேயே படவில்லை. இப்போது கொஞ்ச நாளாக, ஞாயிற்றுக்கிழமைகளில் செகந்திராபாத் தமிழ் மெஸ்ஸுக்கு ஒரு பழைய ஸ்கூட்டரில் வருகிறார். ஹைதராபாத் தமிழனுக்கு வாரம் ஒருமுறை பொங்கலும் அங்கேதான், ஊர்ப் பேச்சும் அங்கேதான்.

“எந்த யார்டு தம்பி? கறுப்பா? மேல கண்ணாடியா?” என்று கேட்டுக்கொண்டே காபி டம்ளரைக் கீழே வைத்தார் அவர். “எந்தப் பணத்துல வாங்கப் போற?”

“வீட்டுக்குன்னு சேத்து வெச்சது இருக்குண்ணே. ஃப்ளாட்டை அப்புறம் பாத்துக்கலாம்.”

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்.

“ஒரு டயரு என்ன விலைன்னு கேட்டியா? அந்த வண்டிக்கு சஸ்பென்ஷன் காத்துல நிக்கும் தம்பி. ஒரு நாள் காலைல போய்ப் பாத்தா ஒரு பக்கமா உக்காந்திருக்கும். சரி பண்ண உன் ரெண்டு மாசச் சம்பளம் போயிரும். முன் லைட்டு உடைஞ்சா, அந்தக் காசுக்கு ஒரு பைக்கே வாங்கிரலாம். பார்ட்டு வெளிநாட்டுல இருந்து வரணும். வாங்குறது பெரிசில்ல, பாத்துக்கோ. யானையக் கட்டித் தீனி போட முடியுமா உன்னால?”

“நல்லா ஓடுற வண்டிண்ணே.”

“ஓடும்போது நல்லாத்தான் இருக்கும்” என்றார். சொல்லும்போது அவர் பார்வையும் எங்கேயோ தூரத்தில் போய்க்கொண்டிருந்தது.

இதைத்தான் அஸ்வினி வயிற்றெரிச்சல் என்றாள். “ஸ்கூட்டர்ல வர்றவருக்கு இத்தனை விவரம் எதுக்கு? தனக்குக் கீழ வேலை பாத்த பையன் பெரிய வண்டில போயிடுவானேன்னுதான். மத்தவன் வாங்கினா கை குடுப்பாங்க. நம்ம ஆளு வாங்கினா மட்டும் நொட்டை சொல்லுவாங்க.”

ஸ்ரீகாந்துக்கும் அப்படித்தான் பட்டது. நல்ல கனவில் இருக்கும்போது உலுக்கி எழுப்புகிறவனை யாருக்குத்தான் பிடிக்கும்?

சனிக்கிழமை மூவரும் உப்பலுக்குப் போனார்கள். வண்டி வெயிலில் மினுங்கிக்கொண்டு நின்றது. மகள் வர்ஷினி கதவு திறந்ததுமே பின் சீட்டில் மல்லாந்து படுத்துவிட்டாள்.

“டாடீ, ரூஃப் ஓப்பன் அவுதுந்தா?” கூரை திறக்குமா என்று தெலுங்கில் கேட்டாள்.

பட்டனை அமுக்கினான். கூரை சத்தமில்லாமல் விலகியது. மேலே உப்பல் வானம் முழுசாகத் தெரிந்தது. குழந்தை வாயைத் திறந்தபடி அப்படியே கிடந்தாள்.

“பொங்கலுக்கு ஊருக்கு இதுலயே போயிடலாங்க” என்றாள் அஸ்வினி, மெதுவாக. அவளும் அந்தக் கனவில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

ஸ்ரீகாந்த் அட்வான்ஸ் கவரை வெளியே எடுத்தான்.

யார்டு புரோக்கர் புருஷோத்தமன் மல்காஜ்கிரியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்; பேச்சில் ஹைதராபாத் உருது கலந்து வரும். “ஹவ் சார், லக்கி பார்ட்டி நீங்க. ஓனருக்கு வேலை போயிடுச்சு. பொண்ணுக்கு காலேஜ் திறக்குறதுக்குள்ள எப்படியாவது வித்துக் குடுங்கன்னு டெய்லி போன். பாவம் மனுஷன். நீங்க சொன்ன ரேட்டுக்கே ஒத்துக்குவார். நம்மகிட்ட ஒளிவு மறைவு நக்கோ. உங்க முன்னாடியே பேசிடறேன்.”

செல்போனை ஸ்பீக்கரில் போட்டு பானெட் மேல் வைத்தார்.

“சார், பார்ட்டி அட்வான்ஸோட நிக்குது. குகட்பள்ளி. ஸ்ரீகாந்த்னு பேரு, சாஃப்ட்வேர்ல இருக்கார். ஃபேமிலியோட வந்திருக்கார். முடிச்சிடலாமா?”

புருஷோத்தமன் குனிந்து போனுக்குக் கிட்டே வாயைக் கொண்டுபோனார்.

“சார்? லைன்ல இருக்கீங்களா? இந்த ரேட்டுக்கு இனிமே ஆள் கிடைக்கிறது கஷ்டம் சார்.”

போனிலிருந்து குரல் வந்தது. கவரை நீட்டிய கையோடு ஸ்ரீகாந்த் அப்படியே நின்றுவிட்டான். அஸ்வினி அவன் முகத்தைப் பார்த்தாள்.

“யாருங்க?”

“இருதயராஜ் அண்ணன்” என்றான், உதடு மட்டும் அசைய.

தான் பேசுவதை யார் யார் கேட்கிறார்கள் என்று தெரியாமல் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: “அந்தத் தம்பிக்கு வேண்டாம்யா, அது வீட்டுக்குச் சேத்த பணம். எம் பொண்ணு ஃபீஸுக்கு நான் வேற வழி பாத்துக்கிடுதேன். வண்டி நேத்தே வித்துப்போச்சுன்னு சொல்லி அவனை அனுப்பி வச்சிரும்.”