புது டயரின் கூடுதல் சுற்று

ஒரு காரில் சறுக்கலைத் தடுக்கும் கருவி ஒன்று இருந்தது. நான்கு டயர்களும் ஒரே வேகத்தில் சுற்றுகின்றனவா என்று பார்த்து, சறுக்குகிற டயரைப் பிரேக்கால் பிடிப்பது அதன் வேலை.

ஒருநாள் முன்பக்கம் புது டயர் ஒன்று வந்து சேர்ந்தது. மற்ற மூன்றையும்விட அது வேகமாகச் சுற்றியது.

"வந்ததும் வராததுமா சறுக்குறியா?" என்று கருவி அதை இறுக்கிப் பிடித்தது.

"சறுக்கலண்ணே. அளவுல நான் கொஞ்சம் சின்னவன். இவங்களோட சேர்ந்து வர நான் கூடுதலா சுத்த வேண்டியிருக்கு."

கருவி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிடித்துப் பிடித்து விட்டதில் வண்டி திணறியது. டிரைவர் எரிச்சலில் பொத்தானை அழுத்தி, கருவியின் பிடியை நிறுத்திவிட்டார்.

மழைநாளில் ஒரு வளைவில் நிஜமாகவே சறுக்கியது பின்னாலிருந்த பழைய வழுக்கை டயர். கருவியால் பார்க்கத்தான் முடிந்தது. கடைசிவரை சாலையைக் கவ்விப் பிடித்த புது டயர், ஓரக்கல்லில் மோதிக் கிழிந்துபோனது.

கிழிந்த டயரின் இடத்தில் வேறொரு டயரை மாட்டி, கருவியையும் மறுபடி இயக்கினார்கள். முதல் சுற்றிலேயே கருவி கேட்டது: "உன் அளவு என்ன தம்பி?"

"மத்தவங்க அளவுதாண்ணே. ஏன் கேக்குறீங்க?"

"முன்னாடி இங்க இருந்தவன் சொன்னப்ப நான் கேக்கல தம்பி" என்றது கருவி.