கிள்ளின தடம்

"எம் புள்ளையக் கிள்ளின கைய ஒடிக்காம வுடமாட்டேன்!"னு நான் போட்ட சத்தத்துல பிரசவ வார்டே எழுந்து உக்காந்துச்சு.

நர்ஸ் மார்த்தாள் தண்ணி டம்ளரோட அப்படியே நின்னா. வாயைத் தொறந்திருந்தா இன்னும் நாலு வார்த்தை கேட்டிருப்பா.

பொறந்து எட்டு நாள்தான் ஆவுது. பொம்பளைப் புள்ள. முதுகு, தொடை, எங்க பாத்தாலும் நீல நீலமா கன்னிக்கினு கீது. என்னையும் இவளையும் வுட்டா வேற யாரு தொட்டாங்க? பத்து மாசம் சுமந்தவ நான் கிள்ளுவேனா?

வெளிய எங்க வூட்டுக்காரரு, மனு எழுதிக் குடுத்து அவ வேலையைப் புடுங்குறேன்னு குதிச்சிக்கினு இருந்தாரு. புடுங்கட்டும். நல்லா வேணும் அவளுக்கு.

டாக்டரம்மா வந்தாங்க. அந்தம்மா மேலயும் எனக்கு ஆத்திரம்தான். நஞ்சுக்கொடியைக் குடுங்க, எங்க வழக்கப்படி கொல்லையில பொதைக்கணும்னு கேட்டா, மருந்துத் தண்ணி பாட்டில்ல போட்டு மெட்ராசுக்கு அனுப்பிட்டாங்க. கூடவே புள்ளை குதிகால்ல குத்தி ரத்தம் வேற எடுத்தாங்க. பச்சை மண்ணுகிட்ட ரத்தம் எடுக்கிறவங்கள்லாம் மனுஷங்களா?

அந்தம்மா என் கட்டில்லயே உக்காந்து ஒரு காயிதத்தைப் பிரிச்சாங்க. மெட்ராசுல இருந்து வந்ததாம்.

யாரும் கிள்ளலையாம்.

புள்ளைக்கு மூளை வளர்ச்சி மெதுவாத்தான் இருக்குமாம். ஏறின கண்ணு, தட்டை மூக்கு எல்லாம் அதுக்கு அடையாளமாம். அந்த மாதிரி புள்ளைங்க சிலதுக்கு ரத்தத்துல வெள்ளை அணு கண்டபடி பெருகிடுமாம். ரத்தம் சரியா உறையாம, சும்மா தூக்கினாலே கன்னிப்போவுமாம். நஞ்சுக்கொடியிலயே ரத்தக்குழாய்ங்க தடிச்சிக் கெடந்துச்சாம். வயித்துல இருக்கும்போதே வந்தது இது. நெறைய புள்ளைங்களுக்கு ரெண்டு மூணு மாசத்துல தானா அடங்கிடும், ஆஸ்பத்திரியிலயே வெச்சிப் பாக்கணும்னாங்க.

மார்த்தாள் அப்பத்தான் டம்ளரைக் கீழ வெச்சா.

"சுலோச்சனா, உன் பொறந்த வூட்டுல யாருக்காவது இப்படிப் புள்ள பொறந்திருக்குதா? மறைக்காம சொல்லும்மா, சிலருக்கு இது வம்சத்துல வரும்"னு டாக்டரம்மா கேட்டாங்க.

மூணு வருஷத்துக்கு முன்ன எங்க அண்ணன் பொண்டாட்டி அம்முலு ஒண்ணு பெத்தா. இதே கண்ணு, இதே மூக்கு. ஒடம்பெல்லாம் இதே நீலம். பதினோராம் நாள் செத்துப்போச்சு.

பெத்தவளே கிள்ளிக் கொன்னுட்டான்னு பஞ்சாயத்துல முடிவாச்சு. கட்டின துணியோட அவ பொறந்த ஊரு கூரத்துக்குத் தொரத்தி வுட்டாங்க. இன்னைக்கு வரைக்கும் அந்தூருல ஒருத்தர் வூட்டுலயும் அவ கையில புள்ளையைக் குடுக்கறதில்ல.

அவ கிள்ளினதை நான் பாக்கல. பாத்தேன்னு பஞ்சாயத்துல கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணேன்.

டாக்டரம்மா பேனாவைக் கையில வெச்சிக்கினு என் மூஞ்சியையே பாத்தாங்க.

"எங்க வூட்டுல அப்படி யாருக்கும் பொறக்கல"ன்னு சொன்னேன். மார்த்தாள் பக்கம் கைய நீட்டினேன். "இவதான் கிள்ளினா. என் கண்ணால பாத்தேன்."