மேடை ஏறியவள்

ஆய்வு மாணவர் கருத்தரங்கில் மனைவிக்குக் கைதட்டல் ஓயவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த கணவனுக்கு வயிறு எரிந்தது. இருவருக்கும் ஒரே ஆய்வகம், ஒரே பேராசிரியர். பேசும் வாய்ப்பு மட்டும் அவளுக்கு!

வெளியே வந்த பேராசிரியரை மடக்கினான். "அவளைவிட நான் எதுல சார் குறைஞ்சுபோயிட்டேன்?"

"உன்னைத்தான்பா பேசச் சொல்றதா இருந்தேன். உன் மனைவிதான் வேண்டாம்னுட்டா."

"அப்படியா சங்கதி!" பல்லைக் கடித்தான்.

"'அவர் கண்டுபிடிச்சது இன்னும் ஆய்விதழ்ல வரலை சார். இப்பவே மேடையில சொன்னா யாராவது சுட்டுடுவாங்க. என்னோடது ஏற்கெனவே வெளியானதுதானே, நான் பேசிச் சமாளிக்கிறேன்'னா."

வெட்கத்தில் தலைகுனிந்தவனுக்கு அடுத்த நொடியே பொறுக்கவில்லை. இந்த யோசனைகூட அவளுக்கா முதலில் தோன்ற வேண்டும்!