ஜெனரேட்டர் ஓடிய சாயங்காலம்

ஏழு மணி. வீடு முழுக்க இருட்டு.

“சமையலறை வாசல்லயே ஜெனரேட்டரை வைங்களேன். இடுப்பு பிடிச்சுக்கப் போகுது!” என்றாள் மனைவி.

“புகை உள்ளே வந்தா தூக்கத்துலேயே போய்ச் சேர்ந்துடுவோம். பாதுகாப்பு முக்கியம்!” கணவர் மூச்சு வாங்க அதைக் கொல்லைக் கோடிக்குத் தள்ளினார்.

“ஒயரைச் சுவர் பிளக்குல சொருகட்டுமா?”

“ஐயையோ! கரன்ட் திரும்ப லைன்ல ஏறி, கம்பத்துல வேலை செய்யறவன் கருகிடுவான். ஃப்ரிட்ஜை நேரா இதுல மாட்டு.”

ஜெனரேட்டர் உறுமியது. கணவர் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு.

புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல் எட்டிப் பார்த்தார். “உங்களுக்கென்ன சார், கவலையில்லை! இருங்க, கரன்ட் ஆபீசுக்குப் போன் போட்டு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்.”

கணவரின் சட்டைப் பையில் இருந்த ஆபீஸ் போன் அடித்தது. உள்ளே ஓடிப்போய்க் குரலை மாற்றிக்கொண்டார். “கரன்ட் ஆபீஸ்தான் சார். பழுது எங்கேன்னு தேடிக்கிட்டிருக்கோம்.”

மனைவி முறைத்தாள். “ஆபீஸ்லேர்ந்து கிளம்பறப்ப நீங்கதான் கரன்டை நிறுத்திட்டு வந்தீங்களா?”

“இதை வாங்கி ஆறு மாசமாச்சு. ஒரு நாளாவது கரன்ட் போச்சா? எப்பத்தான் ஓட்டிப் பாக்கறது?”

“அதுக்கு நம்ம தெருவை மட்டும் நிறுத்தினா போதாதா? ஊரே இருண்டு கிடக்கு!”

“தெருவை மட்டும் நிறுத்தினா நான்தான்னு கண்டுபிடிச்சிடுவாங்களே,” என்றார் கணவர். “பாதுகாப்பு முக்கியம்!”