கோட்டுப் பக்கம்

“கண்ணு தெரியலியாலே உனக்கு?”

கிளிட்டஸின் குரல். அவள் மகன் பந்தைத் தவறவிடும்போதெல்லாம் மைதானம் முழுக்கக் கேட்கிற குரல்.

எல்லோரையும் அப்படித்தான் திட்டுவான். கோல்கீப்பரை, ரெஃப்ரியை, சொந்த மச்சானான கோச்சை. வெறும் வசவு. எந்த ஊர் மைதானத்திலும் கேட்கிற வசவு.

அவள் மட்டும் ஒவ்வொரு தடவையும் சுற்றி நிற்பவர்களின் முகத்தைப் பார்ப்பாள்.

இரண்டாவது கோலும் விழுந்தாயிற்று. இடைவேளை விசில் ஊதினார்கள்.

மகன் றெஜின் முதல் பாதி முழுக்க லெஃப்ட் பேக், இடது ஓரத்துக் காவல். அவள் நின்ற கோட்டோரமாகவே ஏறி ஓடினான். அவளைத் தாண்டும்போதெல்லாம் ஒரு சிரிப்பு. இடது கண்ணால் பார்த்துச் சிரித்த சிரிப்பு.

வலது கண் போன மழைக்காலத்தோடு போயிற்று. வள்ளத்தில் நிற்கும்போது தூண்டில் ஈயம் தெறித்து அடித்தது. வெளியே ஒன்றும் தெரியாது. மற்ற கண்ணைப் போலவே மினுங்கும், பாழாய்ப்போனது.

திருவனந்தபுரத்து டாக்டருக்குத் தெரியும். அவனுக்கும் அவளுக்கும் தெரியும். அதோடு சரி.

கோட்டோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் இருந்தார். சென்னையில் ஏதோ ஒரு கம்பெனி டீமுக்கு ஆள் எடுக்க வந்தவர். எடுத்தால் டீமில் இடம், கூடவே ஆயுசுக்கும் வேலை. கடலுக்குப் போகாத வேலை.

அங்கே டாக்டர் வைத்துக் கண்ணைச் சோதிப்பார்களே என்று அவள் நேற்றே கேட்டிருந்தாள். முதலில் ஆட்டத்தைப் பார்த்து அவர்கள் ஆசைப்படட்டும், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றான் மகன்.

அவள் பக்கத்திலேயே பஞ்சாயத்து கூடிவிட்டது.

கிளிட்டஸின் கூட்டாளி லூர்தையன் மணலில் குந்தி, அவித்த கடலையை வரிசையாக வைத்தான். பின்னால் நாலு, நடுவில் நாலு, முன்னால் ரெண்டு. தப்பே இந்த நாலில்தான் என்றான். பின்னால் மூன்று பேர் போதும், ஒருத்தனை நடுவில் ஏற்று என்றான். மூன்று பேரை வைத்தால் இன்னும் நாலு கோல் வாங்குவோம் என்றான் கிளிட்டஸ். பேச்சு சூடானதில் லூர்தையன் கைக்கு வந்த லெஃப்ட் பேக்கை உரித்துத் தின்றுவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள்.

அவளும் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

றெஜினை வெளியே எடு என்றான் லூர்தையன். அவள் நிற்பதைக் கண்டு, “கோவிக்காதீங்க அத்தை” என்றான். ஆனாலும் விடவில்லை. ரெண்டு கோலும் அவன் பக்கம்தானே என்றான்.

அவன் பக்கம் சரி, ஆனால் கோட்டை ஒட்டி ஒருத்தனும் அவனைத் தாண்டவில்லையே என்றான் கிளிட்டஸ்.

“உள்பக்கமா வாறவன்தான் தாண்டுகான்.”

சொல்லிவிட்டுக் குனிந்தான்.



கீழே கிடந்த கடலைகளைப் பார்த்தான். தின்னப்பட்டவனின் இடத்தில் புதிதாக ஒன்றை வைத்தான். போன வாரம் விழுந்த கோலும் அப்படித்தானோ என்று தனக்குள் முனகினான்.

பிறகு உள்ளங்கையால் தன் வலது கண்ணை மூடிக்கொண்டு மைதானத்தைப் பார்த்தான்.

 அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

கிளிட்டஸ் கையை எடுத்தான். அவளைப் பார்த்தான். சட்டென்று எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு கோச்சிடம் போனான்.

போச்சு. மச்சான் காதில் போட்டால் பெஞ்ச் முழுக்கத் தெரியும். பெஞ்சுக்குத் தெரிந்தால் நாற்காலிக்கு எட்ட எவ்வளவு நேரம்?

அவன் குரல் மட்டும் இங்கே வந்து விழுந்தது.

“றெஜின ரைட்ல போடுடே. ஏன்னு கேக்காத.”

கிளிட்டஸ் திரும்பி வந்து லூர்தையன் பக்கத்தில் உட்கார, இரண்டாம் பாதி தொடங்கியது. அணிகள் இடம் மாறின. ரைட் பேக் ஆன றெஜின் திரும்பவும் அவள் நின்ற கோட்டுக்கே வந்து சேர்ந்தான்.

அவளைத் தாண்டி ஓடினான். கை நீட்டினால் தொடலாம்.

சிரிக்கவில்லை. இப்போது அவள் அவனுக்கு வலப்பக்கம். அவள் நிற்பதே அவனுக்குத் தெரியவில்லை.

உள்பக்கமாக வந்தவர்கள் எல்லோரிடமிருந்தும் பந்தைப் பறித்தான். வெள்ளைச் சட்டைக்காரர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவரிடம் அவன் பேரைக் கேட்டார்.

கடவுளே, இப்படியே முடியட்டும் என்றிருந்தது அவளுக்கு.

அப்போதுதான் நடு ஆட்டக்காரன், “றெஜினே!” என்று கூப்பிட்டுப் பந்தைக் கோட்டோரம் தள்ளினான். மெதுவான பந்து. சின்னப் பிள்ளைகூட நிறுத்தும்.

றெஜின், குரல் வந்த பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். பந்து அவன் வலது காலை ஒட்டி உருண்டு கோட்டைத் தாண்டி வெளியே போனது.



வெள்ளைச் சட்டைக்காரர் எழுந்துவிட்டார். புருவம் சுருங்கியது.

கிளிட்டஸ் மூச்சை இழுத்தான். என்ன வரப்போகிறது என்று ஊருக்கே தெரியும். லூர்தையன் முன்கூட்டியே சிரிக்க ஆரம்பித்தான்.

அவள் கண்களை இறுக்கி மூடிக்கொண்டாள்.

“காது கேக்கலியாலே உனக்கு?”

கூட்டம் சிரித்தது. வெள்ளைச் சட்டைக்காரரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

அவள் கண்ணைத் திறந்தாள். கிளிட்டஸ் அவள் பக்கம் திரும்பவில்லை. ஒரு கடலையை எடுத்து உரிக்கப் பார்த்தான்.

கைதவறி அது மணலில் விழுந்தது.